கண்டியில் கடைசி இருபது அடி

நான்காம் நாள் காலை கண் விழித்தபோது என் உடம்பில் வலிக்காத இடம் இரண்டு காது மடல்கள் மட்டுமே. இலங்கையில் மடுல்கெல்ல என்னும் மலையூரில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் நீளமான கூடத்தில் முப்பத்தெட்டுப் பேர் வரிசையாகப் படுத்திருந்தோம். கோயம்புத்தூரில் ஒழுங்காகச் சைக்கிள் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும் நாற்பத்தெட்டு வயதுக்காரன் எதற்காகக் கடல் தாண்டிப் போய் அடுத்த நாட்டு மலையில் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று புறப்படும் அன்று என் மனைவி கேட்டாள். நான்கு நாளாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதில் ரொம்பச் சுலபம். வீம்பு. எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் சங்கம் இருக்கிறது. டாக்டர்கள், மில் முதலாளிகள், அவர்களுக்குச் சைக்கிள் விற்ற நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆளுக்குப் பத்து இட்லி சாப்பிடுவோம். இலங்கையில் போர் நிறுத்தம் வந்துவிட்டது, சமாதானத்தை வளர்க்க ஒரு வெளிநாட்டுச் சங்கம் கண்டிக்குப் பக்கத்து மலைகளில் நான்கு நாள் சைக்கிள் ஓட்டம் வைக்கிறது, வாருங்கள் என்று எங்கள் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எல்லோரும் "பிரமாதம்" என்றார்கள். "நான் போகிறேன்" என்று உளறியவன் நான் ஒருவன்தான்.

அந்த வெளிநாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. வடக்கே குளிரில் கிடக்கும் ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பையும் சைக்கிளில் ஏற்றி மேட்டில் விட்டால் சமாதானம் தானாக வந்துவிடும் என்று அங்கே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். மேட்டில் மூச்சு வாங்கும்போது யாரும் யாரோடும் சண்டை போட முடியாது என்பதை நான் அனுபவத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

ஓட்டத்தின் தலைவர் உயரமான வெள்ளைக்காரர். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். தமிழ் பேசுகிறவர்கள் தமிழ் பேசுகிறவர்களோடு சேர்ந்து ஓட்டினால் நல்லது என்று முதல் நாளே அவர் முடிவு செய்து, என்னைத் தர்மகுலசிங்கம் அண்ணனோடு சேர்த்துவிட்டார். அண்ணன் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் தபால்காரர். ஐம்பத்து நான்கு வயது. மெலிந்த கால், வெள்ளை மீசை, சட்டைக்குள்ளே கயிற்றில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் அடையாள அட்டை. குளிக்கும்போதும் அதைக் கழற்றமாட்டார்.

முதல் மேட்டிலேயே எனக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. அவர் ஏதோ தபால் கொடுக்கப் போகிறவர்போல நிதானமாக ஏறினார். நான் இருபத்தேழு கியர் உள்ள சைக்கிளைக் கொண்டுபோயிருந்தேன். அவருக்கு ஓட்டம் நடத்தியவர்கள் கொடுத்த சைக்கிளிலும் அத்தனை கியர் இருந்தது. அவர் ஒரே கியரில்தான் நான்கு நாளும் வைத்திருந்தார். எப்படி அண்ணா இப்படி ஏறுகிறீர்கள் என்று கேட்டேன்.

"இடம்பெயர்ந்த வருசம் மனிசியையும் ரெண்டு பிள்ளையளையும் தையல் மிசினையும் வைச்சு ஓட்டினனான். இண்டைக்கு நான் மட்டும்தானே தம்பி, காத்து மாதிரிக் கிடக்கு."

அவர் வந்தது காற்று வாங்க அல்ல. மூத்த மகள் அந்தக் குளிர் நாட்டில் இருக்கிறாள். போய்ப் பதினொரு வருடம். அங்கே பிறந்த பேத்திக்கு நாலு வயது. மகளைப் பார்க்க இவர் மூன்று முறை விசா கேட்டார், மூன்று முறையும் இல்லை என்றார்கள். இந்த ஓட்டத்தின் அறிவிப்பில், நான்கு நாளும் குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கும் இலங்கை வடக்குக்காரர்களுக்கு அடுத்த வருடம் தங்கள் நாட்டில் நடக்கும் ஓட்டத்துக்கு அழைப்புக் கடிதம் தரப்படும் என்று ஒரு வரி இருந்தது. மற்றவர்கள் பதக்கத்தைப் பற்றிப் படித்தார்கள். அவர் அந்த வரியை மட்டும் படித்துவிட்டு வந்துவிட்டார்.

வடக்கிலிருந்து மூன்று பேர் புறப்பட்டார்கள். இரண்டாம் நாள் மழையில் இரண்டு பேர் சறுக்கி விழுந்து ஊர் திரும்பிவிட்டார்கள். மிச்சம் இவர் ஒருவர்தான். மூன்று நாளும் கடைசி நிமிடங்களில் தப்பித்தோம். அதற்குக் காரணம் என் தொந்தி பாதி. மீதிப் பாதிக்குக் காரணம் சென்றி.

சென்றி என்றால் இராணுவக் காவலரண். மணல் மூட்டை, முள்கம்பி, தகரக் கூரை, துப்பாக்கியோடு ஒருவர். கண்டியைச் சுற்றி முக்கியமான சந்திகளில் எல்லாம் இருந்தது. போர் நிறுத்தம் என்பதால் யாரையும் நிறுத்துவதில்லை. சைக்கிள் ஓட்டக்காரர்களை மறிக்கவே வேண்டாம் என்று உத்தரவு வேறு. முதல் நாள், முதல் சென்றிக்கு இருபது அடி முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் சைக்கிளைவிட்டு இறங்கினார். பின்னால் வந்த நான் அவர் மேல் ஏறாமல் தப்பித்துச் சாக்கடையில் இறங்கினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு சிப்பாயைக் கடந்து நடந்தார். இன்னும் இருபது அடி போனபின் தொப்பியைப் போட்டு ஏறினார்.

ஒரு நாளைக்கு ஏழெட்டு சென்றி. ஒவ்வொன்றிலும் இதே பூஜை. இரண்டாம் நாள் ஒரு சிப்பாயே பொறுமை இழந்து, ஏறிப் போங்கள் என்று சிங்களத்தில் கத்தினார். அண்ணன் அவருக்கும் தலையாட்டிவிட்டு நடந்தே போனார்.

"ஏன் அண்ணா? அவங்களே போகச் சொல்றாங்களே!"

"எனக்கு விளங்குது தம்பி. காலுக்கு விளங்குதில்லை. எங்கட ஊரில சென்றியைக் கண்டால் இறங்கி உருட்டவேணும். பத்துப் பன்ரண்டு வருசம். ஒருக்கா ஒராள் இறங்காமல் போனவர்." தொப்பியை இறுக்கிப் போட்டுக்கொண்டார். "அவருக்கு வந்த கடிதத்தைப் பிறகு நான்தான் திருப்பி அனுப்பினனான்."

நான் அதன்பிறகு அதைக் கேட்கவில்லை. ஆனால் மனசுக்குள் ஒவ்வொரு இறக்கத்துக்கும் நிமிடம் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசி நாளுக்கு வருகிறேன். காலை உணவாகக் கூடத்தில் ஓட்ஸ் கஞ்சி வைத்திருந்தார்கள். கூடவே நூல் கட்டிய தேயிலைப் பொட்டலம். தேயிலை இந்த மலையில் பறித்து, கப்பலேறி, குளிர் நாட்டில் பொட்டலமாகி, திரும்பக் கப்பலேறி இதே மலைக்கு வந்து எங்கள் கோப்பையில் தொங்கியது. என்னைவிட அதிகம் பயணம் செய்த இலை என்ற மரியாதைக்காக ஒரு வாய் குடித்துவிட்டு, அண்ணனும் நானும் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம்.

அங்கே செல்வமணி என்கிற அம்மாள் முந்தின நாளே எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கொழுந்து பறிக்கப் போகும் அவசரத்திலும் தடிமனான கோதுமை ரொட்டியும் காரமான தேங்காய்ச் சம்பலும் தயாராக வைத்திருந்தார். பாலில்லாத சாயத் தண்ணி, கூட ஒரு துண்டு இஞ்சி. எங்கள் ஊரில் இதைத் தேநீர் என்று கொடுத்தால் கடையைப் பூட்டவைப்பார்கள். அந்தக் குளிரில் நான் மூன்று குவளை குடித்தேன்.

"நாலு நாளா மலையச் சுத்திச் சுத்தி வாறீங்களே, அப்படி என்னங்க அவசரம்?" என்று செல்வமணி கேட்டார்.

"இது சைக்கிள் பந்தயம்மா. குறிச்ச நேரத்துக்குள்ள மலை ஏறி இறங்கினா பதக்கம் தருவாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க தெனம் கூடயோட ஏறி எறங்குறோம். கங்காணிதான் கடியாரத்தப் பாத்துக்கிட்டு நிப்பாரு. இதுக்கெல்லாம் பதக்கம் குடுக்கிறாங்கன்னு யாரும் சொல்லவே இல்லீங்களே."

அண்ணன் சம்பல் புரையேறச் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

எட்டு மணிக்கு விசில் ஊதினார்கள். மதியம் மூன்று மணிக்குள் கண்டி ஏரிக்கரையில் கட்டிய வளைவைத் தாண்ட வேண்டும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கல்லும் சேறுமான பாதை, இரண்டு பெரிய மேடு, பிறகு வத்தேகம வரை இறக்கம். பதினொரு மணிக்குள் மேடுகளை முடித்துவிட்டோம். இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் என் காலில் ஒட்டியிருந்ததைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. இன்றைக்கு அரை மணி நேரம் மிச்சம் வைத்து முடிப்போம் என்று உரக்கச் சொன்னேன். சொன்ன வாய் மூடுமுன் என் பின்சக்கரத்தில் படாரென்று ஒரு சத்தம். கியர் மாற்றும் இரும்புக்கை இரண்டாக ஒடிந்து ஆரக்காலில் சிக்கிக்கொண்டது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சைக்கிள் கடை முதலாளி. எங்கள் கடையில் பழனிச்சாமி என்று ஒருவர் இருக்கிறார். சைக்கிளைப் பற்றிய அறிவெல்லாம் அவரிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது கடையின் சாவி. ஒடிந்த சைக்கிள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, நோயாளியின் உறவினர் பார்ப்பதுபோல அதைப் பார்த்தேன்.

"அண்ணா, நீங்க போங்க. உங்களுக்குத்தான் கடிதம் முக்கியம்."

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்றார் அவர், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டே. "சைக்கிளை ஒராள் றோட்டில வைச்சிட்டு நிக்க, பாத்துக்கொண்டு போற பழக்கம் எங்களிட்ட இல்லை."

சங்கிலியைக் கழற்றினார். நான்கு கண்ணியைக் குறைத்தார். ஒடிந்த கையைச் சேற்றில் எறிந்துவிட்டு, சங்கிலியை ஒரே பல்சக்கரத்தில் நேராக மாட்டி முடுக்கினார். இருபத்தேழு கியர் உள்ள என் சைக்கிள் ஒரு கியர் உள்ள தபால்காரர் சைக்கிள் ஆனது. போரில் பெட்ரோலும் பேட்டரியும் வராத வருடங்களில் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றார். ஆனால் அதற்கு நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அத்தனையும் அவருடைய நாற்பது நிமிடம்.

வத்தேகம சந்தையைத் தாண்டி மடவளைக்கு வரும்போது இரண்டேகால். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு தேநீர்க் கடை வாசலில் முதலாளி, வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர், இரண்டு குவளை எலுமிச்சம்பழத் தண்ணீரோடு தெருவுக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு பேருதான் மிச்சம் ஈக்கிறாங்கண்டு பொலிஸ்காரன் செல்லிட்டுப் போனான். மத்தவங்க எப்பவோ கடந்து பெய்த்தாங்க. குடிங்க, குடிங்க, நின்டுக்கிட்டே குடிங்க. ஏரிக்கரையில ஆமிக்காரங்களும் கொடி புடிச்சிட்டு நிக்கிறாங்களாம், பெரிய ஆளுங்க வந்தீக்கிறாங்களாம். சல்லியெல்லாம் வாணாம், ஓடுங்க!"

கொடி பிடித்த இராணுவம் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதை யோசிக்கும் மூளை அப்போது என்னிடம் இல்லை.

மடவளையிலிருந்து கண்டிக்குள் போக மூன்று சென்றி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் இறங்கினால் கடிதம் இல்லை.

"அண்ணா, காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இன்னைக்கு மட்டும் இறங்காதீங்க."

"ஓம் தம்பி. இறங்கமாட்டன்."

முதல் சென்றி தெரிந்ததும் அவர் முகம் மாறியது. இடது கால் மிதியைவிட்டுக் கிளம்பியது. நான் பக்கத்தில் ஒட்டி ஓட்டிக்கொண்டு அவர் முதுகில் கைவைத்து, "பேத்தி பேரென்ன அண்ணா?" என்று கேட்டேன்.

"ஆரணி."

"என்ன பேசும்?"

"தமிழும் கதைப்பாள், அந்தப் பாசையும் கதைப்பாள். போனில் என்னை, நீங்கள் எந்த பஸ்ஸில் வருவீங்கள் எண்டு கேட்டவள்."

முதல் சென்றி கடந்துவிட்டது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டாவதில் பேத்திக்குப் பனங்கட்டி பிடிக்குமா என்று கேட்டேன். மூன்றாவதில் கேட்க ஒன்றுமில்லாமல், அவள் பல் எத்தனை என்று கேட்டேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மிதித்தார், நான் அவர் சட்டையைப் பிடித்துத் திசை காட்டினேன். தாண்டியதும் கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தார். சிப்பாய் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நான்கு நாளில் அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏரி தெரிந்தது. வளைவு தெரிந்தது. வளைவின் மேல் பெரிய கடிகாரம்: இரண்டு ஐம்பத்தெட்டு. இன்னும் முந்நூறு அடி. வாத்தியம், கைதட்டல், ஒலிபெருக்கி. வளைவுக்கு அந்தப் பக்கம் புகைப்படக்காரர்கள் குனிந்து நின்றார்கள்.

இதற்குப்பின் நான் செய்ததை எழுதாமல் விடலாம் என்று பலமுறை நினைத்தேன். புகைப்படக் கருவிகளைக் கண்டதும் எனக்கு எங்கள் சங்கத்து டாக்டர்கள் ஞாபகம் வந்தார்கள். வீட்டுக் கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும். அண்ணன் பின்னால் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு அவர் சட்டையை விட்டுவிட்டு எழுந்து நின்று மிதித்தேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வளைவைத் தாண்டினேன். தொந்தியைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தேன். வளைவுக்கு முன்னால் சாலையின் இருபுறமும் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். எங்களை வரவேற்பதற்காக ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதக் கொடி. அந்த வரிசைக்கு முன்னால், வளைவுக்கு இருபது அடியில், தர்மகுலசிங்கம் அண்ணன் சைக்கிளைவிட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா! ஏறுங்க! ஏறுங்க!"

வாத்தியச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவுமில்லை. முன்னால் நின்ற சிப்பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிப்பாய்க்கு இருபது வயது இருக்கலாம். தன் முன்னால் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு கையை நீட்டினார். அண்ணன் உறையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். சிப்பாய் முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.

"எங்கே போகிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டாராம், பிறகு அண்ணன் சொல்லித் தெரிந்தது.

அண்ணன் வளைவைக் காட்டினார். "அதுக்குத்தான், மாத்தயா" என்று அவரும் சிங்களத்தில், ஐயா போட்டுச் சொன்னாராம்.

அட்டை திரும்பி வந்தது. அண்ணன் அதை உறையில் போட்டு, உறையைச் சட்டைக்குள் விட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வளைவைக் கடந்தார். மேலே மணி மூன்றைத் தாண்டி நாற்பது வினாடி.

நான் தலைவரிடம் ஓடினேன். இராணுவம் சோதனை செய்த நேரத்தைக் கழித்துவிட வேண்டும், அதுதான் நியாயம் என்றேன். அவர் நியாயவான். உடனே அங்கிருந்த இராணுவ அதிகாரியைக் கூப்பிட்டு விசாரித்தார். அதிகாரியும் நியாயவான். "இங்கே சோதனை எதுவும் கிடையாது. எங்கள் ஆட்கள் வரவேற்கத்தான் நிற்கிறார்கள்" என்றார். சோதனை இல்லாத இடத்தில் சோதனை நேரத்தை எப்படிக் கழிப்பது? ஸ்டாப்வாட்சைக் காட்டித் தலைவர் வருத்தப்பட்டார். பிறகு முகம் மலர்ந்து, "ஆனால் எவ்வளவு அழகான காட்சி!" என்றார்.

அந்தக் காட்சியை மறுபடி ஒருமுறை நடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சிப்பாயைச் சிரிக்கச் சொன்னார்கள். அந்தப் பையனுக்குச் சிரிப்பு வரவில்லை, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மாலைக் கூட்டத்தில் ஒழுங்குக்கான சிறப்புப் பரிசு என்று ஒன்றை அப்போதே உண்டாக்கி, அதிகாரி கையால் அண்ணனுக்குக் கொடுத்தார்கள். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். வடக்குக்காரர் யாரும் முடிக்காததால் அழைப்புக் கடிதம் ஒன்று மிச்சமாகிவிட்டதாம். "வீணாகக் கூடாதே. நீங்களும் தமிழர்தானே?" என்று என் பெயரை எழுதி நீட்டினார். கிழித்து அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். நான் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வாங்கியது ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் காலை அண்ணனை யாழ்ப்பாண பஸ் ஏற்றிவிட அவரோடு குட்செட் பஸ் நிலையத்துக்குச் சைக்கிளில் போனேன். ஓட்டம் நடத்தியவர்கள் கொடுத்த சைக்கிளை அவருக்கே விட்டுவிட்டார்கள். அதன் பின்னால் கடிகாரப் பெட்டியைக் கட்டியிருந்தார். கடிகாரம் ஓடும் ஓசை கேட்கவில்லையே என்றேன்.

"மணிக்கூடு டிக் டிக் எண்டு கேக்க, பார்சலோட சென்றிக்குப் போனால் என்னத்தை நினைப்பினம்? பற்றரியைக் கழட்டிப்போட்டன். வேற பொக்கற்றில கிடக்கு."

"என்னை மன்னிச்சிருங்க அண்ணா. கடைசியில உங்களை விட்டுட்டு ஓடிட்டேன்." கடிதத்தை எடுத்து அவரிடம் காட்டினேன்.

அவர் சைக்கிளை நிறுத்தி, கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார். தபால்காரர் அல்லவா, விலாசத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு வந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு சென்றி. அங்கிருந்த சிப்பாய் தேநீர் குடித்துக்கொண்டு, போங்கள் என்று கையை ஆட்டினார். இருபது அடி முன்னால் அண்ணன் இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். நானும் இறங்கினேன். என் தொப்பியையும் கழற்றினேன். இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு நடந்தோம்.

அண்ணன் நின்று என்னைப் பார்த்தார்.

"நீங்கள் ஏன் இறங்கினனீங்கள்? உங்களிட்டக் கடிதம் இருக்கு. ஏறிப் போங்கோ தம்பி. அங்க போய் ஆரணிப் பிள்ளையைப் பாத்திட்டு, ஆரைப் போல இருக்கிறாள் எண்டு எனக்கு ஒரு கடிதம் போடுங்கோ. என்ர பகுதிக்கு வாற கடிதம் என்ர கையிலதான் வரும்."